எட்டடிக் குசினிக்குள் இறாக்கை: தட்டிப் பார்ப்பதிலிருந்து இறுக்கி முடிப்பது வரை

எங்கள் குசினி எட்டடி நீளம், ஏழடி அகலம். யாழ்ப்பாணம் கொக்குவிலில் பழைய கல்வீடு ஒன்றின் பின்பக்கத்தில் பிறகு கட்டிச் சேர்த்த பத்தி அது. ஒரு பக்கம் பழைய வீட்டின் சுண்ணாம்புக்கல் சுவர். மற்ற மூன்று பக்கமும் சீமெந்துக் கல். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் சுவரில் அடித்த முதல் இறாக்கை, அதாவது சாமான் வைக்கும் தட்டு, விழுந்ததற்குக் காரணம் இதுதான்.

ஐந்தடிப் பலகை, இரண்டு இரும்புத் தாங்கி, நாலு திருகாணி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அடித்து, அன்றிரவே அம்மா போத்தல்களை அடுக்கிவிட்டார். பதினோராம் நாள் விடியப்புறம் 'தடார்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் பலகை நிலத்தில் கிடக்கிறது, மிளகாய்த்தூள் போத்தல் சிதறிக் குசினி முழுக்கச் சிவப்பு. வறுத்து இடித்த புதுத்தூள் வேறு. அன்று காலை வீட்டில் தும்மாதவர் இல்லை, பூனையும் தும்மியது. பக்கத்து வீட்டில் மரவேலை செய்யும் ஓடாவி ஐயா வந்து பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. "பலகை நல்ல பலகைதான் தம்பி. உமக்குச் சுவரைத்தான் தெரியேல்லை" என்றார்.

அதன்பின் அவரிடம் கேட்டும், பிழைவிட்டும், திருத்தியும் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். நான் ஓடாவி இல்லை. ஒரு ட்றில் மெசினும் இரண்டு விடுமுறை நாளும் இருந்தால் உங்களாலும் முடியும்.

எல்லாவற்றையும் முற்றத்துக்குக் கொண்டு வாருங்கள்

அளவு நாடாவை எடுக்க முதல் குசினியைக் காலியாக்குங்கள். முற்றத்தில் ஒரு படங்கை விரித்து, கரண்டி முதல் கிடாரம் வரை எல்லாவற்றையும் அதன்மேல் வையுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு இடியப்ப உரல், மூடியில்லாத பதினேழு போத்தல், போத்தல் இல்லாத ஒன்பது மூடி, கழுவி அடுக்கிய தயிர்ச் சட்டிகள், யாரோ கலியாணத்துக்குத் தந்து பெட்டி பிரிக்காத பிளாஸ்க் எல்லாம் வெளியே வந்தன. இறாக்கை அடிக்க முதலே கால்வாசி இடம் மிச்சம் பிடித்தாயிற்று.

மிஞ்சியதை மூன்றாகப் பிரியுங்கள். தினமும் கை போகிறவை: உப்பு, தூள், சீனி, தேயிலை, அரிசிமா, தட்டுக் கோப்பை. கிழமைக்கு ஒருக்கால் எடுப்பவை: ஒடியல்மா, உழுந்து, இடியப்பத் தட்டுகள், நீத்துப்பெட்டி. வருசத்தில் ஒன்றிரண்டு தரம் மட்டும் இறங்குபவை: பொங்கல் பானை, பலகாரத் தாச்சி, பெரிய சருவம். மூன்றாவது கூட்டத்துக்கு உச்சித் தட்டு போதும். கை எட்டும் இடத்தை அவற்றுக்குக் கொடுத்தால் பொங்கல் பானை முன்னுக்கு நிற்கும், உப்புப் போத்தல் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

பிறகு அளவு எடுங்கள், ஆனால் சுவரை அல்ல, சாமான்களை. ஒவ்வொரு கூட்டத்திலும் உயரமான ஒன்றை எடுத்து அளந்து, கை போய்வர இரண்டு அங்குலம் கூட்டினால் அதுதான் இரண்டு தட்டுக்கு நடுவே விடவேண்டிய இடைவெளி. எங்கள் தூள் போத்தல்கள் ஏழு அங்குலம், ஆகவே ஒன்பது. பெரிய பேணிகள் பத்து அங்குலம், ஆகவே பன்னிரண்டு. எல்லாத் தட்டையும் ஒரே இடைவெளியில் அடித்தால் பார்க்க அழகுதான், ஆனால் ஏழு அங்குலப் போத்தலுக்கு மேலே ஐந்து அங்குலம் காற்றைத்தான் வைத்திருப்பீர்கள்.

தட்டின் அகலத்துக்குப் பத்து அங்குலம் போதும். நாலு அங்குலப் போத்தல் இரண்டு வரிசை நிற்கும். சாப்பாட்டுத் தட்டுகள் நிமிர்ந்து நிற்காமல் படுத்துக்கிடக்க வேண்டுமென்றால் ஒரு தட்டை மட்டும் பன்னிரண்டாக்கலாம். இன்னும் அகலமாக்க ஆசை வரும். வேண்டாம். மூன்றாவது வரிசையில் வைத்த சாமான் அடுத்த வருசம்தான் வெளியே வரும், குனிந்து நிமிரும்போது நெற்றியும் அடிபடும்.

சுவரைத் தட்டிப் பாருங்கள்

எனக்குத் தெரியாமல் போனது இதுதான். ஆகவே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாடு நிற்பதே சுண்ணாம்புப் பாறைமேல். பழைய வீடுகளின் சுவர், அந்தப் பாறையிலிருந்து கிளப்பிய கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக் கட்டியது. ஒரு அடியும் அதற்கு மேலும் தடிப்பு. வெளியே பூச்சு சமமாக இருக்கும். உள்ளே கல் ஒரு ஒழுங்கில் இருக்காது, ஒன்று தலையணை அளவு, அடுத்தது தேங்காய் அளவு. நீங்கள் துளைக்கும் இடத்தில் கல் இருக்கிறதா சாந்து இருக்கிறதா என்று வெளியே தெரியாது.

சுத்தியலின் பிடியால் தட்டினால் கொஞ்சம் தெரியும். கல் உள்ள இடம் 'டக்' என்று இறுகிச் சொல்லும், பூச்சு கழன்ற இடம் பொள்ளலாகச் சத்தம் போடும். நிச்சயமாகத் தெரிவது துளைக்கும்போதுதான். கல்லுக்குள் போகும் ட்றில் அலகு மெதுவாக, ஒரே சீராக, வெள்ளைத் தூளைத் துப்பிக்கொண்டு போகும். சாந்துக்குள் போனால் 'சரக்' என்று இறங்கும், தூள் மணல்மணலாகக் கொட்டும். இறங்கியது சாந்தில் என்றால் அந்தத் துளையில் பிளக் (திருகாணியைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் உறை) வைக்காதீர்கள். இறுக்கும்போது பிடித்ததுபோல இருக்கும், பிறகு திருகாணியோடு சேர்ந்து சுற்றும். என் நாலு திருகாணியில் மூன்று அப்படித்தான் இருந்தன. இறுக்கியபோது அதில் ஒன்று மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

சாந்தில் மாட்டினால் இரண்டு வழி. ஒன்று, இரண்டு அங்குலம் தள்ளி வேறு துளை போட்டுப் பார்ப்பது. மற்றது ஓடாவிமாரின் பழைய வழி: துளையை அரை அங்குலத்துக்கு மேல் பெருப்பித்து, காய்ந்த வைரமரத்தில் கூம்பாக ஒரு முளை சீவி, இறுக்கமாக அடித்து இறக்குவது. வெளியே நீட்டுவதை வாளால் அறுத்துவிட்டு, முளையின் நடுவில் சிறு துளை போட்டுத் திருகாணியை இறக்கலாம். பாலை, முதிரை நல்லது. சிறு துளை போடாமல் நேரே இறக்கினால் முளை பிளந்துவிடும்.

சீமெந்துக் கல் சுவரில் சிக்கல் வேறு. கல்லுக்கு உள்ளே பொந்து இருக்கும். அலகு ஒரு அங்குலம் போய்த் திடீரென்று வெறுமைக்குள் விழுந்தால் அது பொந்து. சாதாரண வோல் பிளக் விரிந்து பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. உள்ளே போய்க் குடைபோல விரியும் இரும்புப் பிளக் ஹாட்வெயார் கடைகளில் உண்டு, இலேசான தட்டுக்கு அது போதும். பாரமான தட்டுக்குச் சுவரை நம்பாமல் கால் கொடுப்பதே நல்லது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். ட்றிலில் சுத்தியல் அடி போடும் பொத்தானைப் பொந்துக்கல்லில் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் துளையின் உள்வாய் உடைந்து பெருத்துவிடும்.

உங்கள் வீட்டில் கதவு, யன்னலுக்கு மேலே கொங்கிறீற்று லின்டல் சுவரைச் சுற்றி ஓடினால் அது அதிட்டம். ஏழடி உயரமளவில் இருக்கும். உச்சித் தட்டை அதில் பிடித்தால் அசையாது. துளைக்க நேரம் எடுக்கும். கம்பியில் முட்டினால் பிடிவாதம் பிடிக்காமல் ஒரு அங்குலம் தள்ளுங்கள்.

துளைக்கக் கூடாத இடங்களும் உண்டு. சுவிச்சுக்கும் பிளக் பொயின்றுக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் வயர் ஓடுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீடுகளில் வயர்க் குழாய் பெரும்பாலும் மேலிருந்து நேராக இறங்கும். இரண்டு பக்கமும் ஒரு சாண் விட்டுவிடுங்கள். குசினி லைனை மெயினில் நிறுத்திவிட்டு, ட்றிலுக்குப் பக்கத்து அறையிலிருந்து கரண்ட் எடுங்கள். கரண்ட் கசிந்தால் தானே நிறுத்தும் ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அமத்தி முதலே பாருங்கள். 230 வோல்ற் விளையாட்டல்ல. தண்ணீர்க் குழாய் ஓடும் சுவரும், வெள்ளையாக உப்புப் பூத்துப் பூச்சு உதிரும் இடமும் வேண்டாம்.

சமைப்பவரின் உயரம்

இறாக்கையை அடிப்பவர் தன் உயரத்துக்கு அடிப்பார். எனக்கு ஐந்தடி எட்டு. அம்மாவுக்கு நாலடி பத்து. முதல்முறை அடித்த தட்டில் பாதியை அவர் முக்காலி போட்டுத்தான் எடுத்தார்.

சமைப்பவரைச் சுவரோரம் நிற்கச் சொல்லி, கையை வளைக்காமல், நுனிக்காலில் நிற்காமல் எட்டும் உயரத்தைச் சோக்கால் குறியுங்கள். பிறகு கண் மட்டத்தையும் குறியுங்கள். தினமும் எடுப்பவை கண் மட்டத்துக்குக் கீழே. கிழமைக்கு ஒருக்கால் எடுப்பவை இரண்டு கோட்டுக்கும் நடுவே. மேற்கோட்டுக்கு மேலே பொங்கல் பானை.

சமையல் மேசைக்கு மேலே முதல் தட்டுக்குப் பதினைந்து முதல் பதினெட்டு அங்குலம் விடுங்கள், இல்லாவிட்டால் கிறைண்டரும் கேத்திலும் நிற்காது. காஸ் அடுப்புக்கு நேர் மேலே மரத்தட்டு வைக்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். வைத்தே ஆகவேண்டுமென்றால் சுடர் வாயிலிருந்து குறைந்தது முப்பது அங்குலம் மேலே. விறகடுப்பும் புகைக்கூடும் உள்ள பக்கம் பலகை வேண்டாம், புகைக்கரியும் சூடும் பூச்சைப் பொரித்துவிடும். தூள் போத்தல்களை அடுப்பின் சூடு படாத பக்கமே வையுங்கள். சூடும் வெளிச்சமும் பட்டால் மிளகாய்த்தூள் நிறமும் வாசமும் இழக்கும்.

இடம் முடிவானதும் பழைய பேப்பரைத் தட்டின் அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் சமைத்துப் பாருங்கள். யன்னல் கதவு முட்டுகிறதா, திரும்பும்போது தோள் படுகிறதா என்று தெரிந்துவிடும். நாங்கள் ஒரு தட்டை இதனால் அரையடி தள்ளினோம்.

என்ன மரம்

மரக்காலையில் போய் நின்றால் முதிரையையும் தேக்கையும்தான் கண் தேடும். பணம் இருந்தால் வாங்குங்கள், தலைமுறைக்கும் இருக்கும். ஆனால் குசினித் தட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. வேம்பு நல்ல மரம். ஆனால் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், பச்சை வேம்பு இரண்டு மாதத்தில் முறுகிவிடும். இடித்த வீட்டுக் கதவுப் பலகை, யன்னல் பலகை கிடைத்தால் விடாதீர்கள், ஐம்பது வருசம் காய்ந்த மரம் எந்தக் கடையிலும் இல்லை. ஆணி ஒன்றும் உள்ளே இல்லை என்று பார்த்துவிட்டு வாள் போடுங்கள்.

பனையைத் தட்டாக்க முடியாது. வெளிச்சுற்று வைரம், உள்ளே மெத்தென்ற சோறு. ஆனால் பழைய கூரையிலிருந்து இறக்கிய பனஞ்சிலாகை இருந்தால், தாங்கும் சட்டத்துக்கும் காலுக்கும் அதைவிட நல்லது இல்லை. சிம்பு கையில் ஏறும், சீவுளி போடும்போது கவனம். புதிதாகப் பனை தறிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அதற்கு அனுமதி எடுக்க வேண்டும்.

நான் எடுத்தது 18 மில்லிமீற்றர் பிளைவூட். மரத்தூளையும் நாரையும் பசை போட்டு அமத்திச் செய்யும் எம்.டி.எப். பக்கமும் பாட்டிக்கிள் போட் பக்கமும் போகாதீர்கள். மலிவு, வழவழப்பு எல்லாம் சரி, மாரியில் ஈரம் பட்டால் ஊறிய பாண் மாதிரி வீங்கிவிடும்.

இப்போது பாரக் கணக்கு. நாலு அங்குலப் போத்தல் ஐந்தடித் தட்டில் ஒரு வரிசைக்குப் பதினைந்து, இரண்டு வரிசைக்கு முப்பது. ஒரு லீற்றர்ப் போத்தல் நிறைய அரிசியோ சீனியோ இருந்தால் போத்தலோடு ஏறக்குறைய ஒரு கிலோ. ஆக முப்பது கிலோ. 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றைவிடக் கூடுதலாக அந்தப் பலகையில் ஏற்றுகிறோம்.

ஒரே அடர்த்தியில் சாமான் அடுக்கும்போது, தாங்கிகளுக்கு நடுவே உள்ள தூரம் இரண்டு மடங்கானால் தொய்வு பதினாறு மடங்காகும். என் முதல் தட்டில் தாங்கிகளுக்கு நடுவே நாலடி. அதே பலகையில் இரண்டு அடிக்கு ஒரு தாங்கி வைத்தால் தொய்வு பதினாறில் ஒன்று. 18 மில்லிமீற்றர் பிளைவூட்டுக்கு இரண்டு அடிக்கு மேல் விடாதீர்கள். ஐந்தடித் தட்டுக்கு ஓரத்திலிருந்து ஆறு அங்குலத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, மறு ஓரத்திலிருந்து ஆறு அங்குலத்தில் ஒன்று. தட்டின் முன்விளிம்பில் ஒன்றரை அங்குலச் சட்டம் ஒன்றைப் பசை போட்டு நிமிர்த்தி ஒட்டினால் தொய்வு இன்னும் குறையும். அதை மேலே அரை அங்குலம் நீட்டி விட்டால் போத்தல் வழுக்கி விழாமல் தடுப்பாகவும் நிற்கும்.

தாங்கி வாங்கும்போது ஒரு கையை விட மறு கை நீளமாக உள்ளதைப் பார்த்து எடுங்கள். நீளக் கை சுவரில் இருக்க வேண்டும். பலர் அதைத் தட்டுக்குக் கீழே வைத்துவிடுகிறார்கள். பத்து அங்குலத் தட்டில் பாரம் சுவரிலிருந்து சராசரி ஐந்து அங்குலம் தள்ளி நிற்கிறது. ஒரு தாங்கியில் 12 கிலோ ஏறினால், சுவர்க் கை எட்டு அங்குலமாக இருக்கும்போது மேல் திருகாணியை வெளியே இழுக்கும் பலம் ஏறக்குறைய ஏழரைக் கிலோ. சுவர்க் கை நாலு அங்குலமானால் பதினைந்து. திருகாணி துருப்பிடிக்காததாக இருக்கட்டும். கடற்காற்றுக்குச் சாதாரண இரும்பு இரண்டு மாரி தாங்காது.

வெட்டுதல், தேய்த்தல், பூசுதல்

பிளைவூட் ஒரு தாள் எட்டடிக்கு நாலடி. எட்டடி நீளவாக்கில் பத்து அங்குலக் கீற்றுகளாக அறுத்தால் நாலு கீற்று வரும், வாள் தின்றது போக ஏழு அங்குலத்துக்கு மேல் ஒரு ஒல்லிக் கீற்று மிஞ்சும். மூன்று கீற்றை ஐந்தடியும் மூன்றடியுமாக வெட்டினால் பெரிய சுவருக்கு மூன்று தட்டு, சின்னச் சுவருக்கு மூன்று தட்டு. நாலாவது கீற்று கால்களுக்கு. ஒல்லிக் கீற்று தூள் போத்தல்களுக்கு. ஒரு தாளில் முழுக் குசினியும் முடிந்தது. நீளவாக்கில் அறுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மேற்தோலின் நார் வழக்கமாக எட்டடிப் பக்கம்தான் ஓடும், அந்தத் திசையில் பலகை குறைவாக வளையும். கைவாளால் எட்டடி நேராக அறுப்பது என்னால் முடியவில்லை. மரக்காலையில் மெசினில் அறுத்துத் தருவார்கள், நீளத்தை மட்டும் வீட்டில் வெட்டினேன்.

வெட்ட முதல் சுவரின் அகலத்தை மூன்று உயரத்தில் அளந்து பாருங்கள். பழைய சுவர் கீழே ஒரு அளவு, மேலே ஒரு அளவு காட்டும். மிகச் சிறிய அளவில் கால் அங்குலம் குறைத்து வெட்டினால் தட்டு இடறாமல் உள்ளே போகும்.

80 நம்பர் அரத்தாள், பிறகு 120, கடைசியில் 220. அறுத்த விளிம்புகளில் நேரம் செலவழியுங்கள். பிளைவூட்டுக்குள் தண்ணீர் போவது விளிம்பால்தான். மரப்பசையைத் தண்ணீரில் கொஞ்சம் கரைத்து விளிம்பில் இரண்டு முறை தடவி, காய்ந்ததும் மறுபடி தேய்த்துவிட்டுப் பூசுங்கள். மேற்பக்கம், கீழ்ப்பக்கம், பின்விளிம்பு என்று எதையும் விடாமல் மூன்று பூச்சு. ஒரு பக்கம் மட்டும் பூசினால் மற்றப் பக்கம் ஈரம் குடித்துப் பலகை வளையும். வானிஷா எனமல் பெயின்றா என்று கேட்டால், குசினிக்கு நான் எனமல் என்பேன். எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்காரத் துணியால் துடைக்கலாம், வெள்ளை என்றால் எறும்பு வருவதும் தெரியும்.

பூச்சுக்கு மாசி, பங்குனி நல்ல காலம். சோளகக் காற்று கிளம்பிவிட்டால் முற்றத்தில் பூசிய பலகையில் செம்மண் தூசி ஒட்டிக்கொள்ளும், மாரியில் காயவே காயாது. சோளகத்தில்தான் நேரம் கிடைத்தது என்றால் விடியக் காற்று எழும்ப முதல், அறைக்குள் வைத்துப் பூசுங்கள். கடைசிப் பூச்சுக்குப் பிறகு மணம் போகும்வரை, ஒரு கிழமையாவது, வெளியே விடுங்கள். அரிசிமா மணத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

சுவரில் ஏற்றுதல்

கோடு போட நிலத்திலிருந்தோ கூரையிலிருந்தோ அளக்காதீர்கள். இரண்டும் மட்டமாக இருக்காது. மேசன்மார் செய்வதுபோல, உள்ளே தெரியும் பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு முனையை முதல் குறியில் ஒருவர் பிடிக்க, மறு முனையில் தண்ணீர் நிற்கும் உயரத்தை நீங்கள் குறித்தால் இரண்டும் ஒரே மட்டம். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் கணக்குப் பிழைக்கும். குசினி சின்னது, ஆகவே நீர்மட்டக் கட்டையும் போதும்.

நடுத் தாங்கியை விட்டுவிட்டு இரண்டு ஓரத் தாங்கிகளை முதலில் பிடியுங்கள். அவற்றுக்கு நடுவே நூல் கட்டி, நூலைத் தொட்டும் தொடாமலும் நடுத் தாங்கியை வையுங்கள். அது ஒரு மயிரிழை உயர்ந்தாலும் தட்டு தராசுபோல ஆடும்.

இனித் துளை. 8 மில்லிமீற்றர் கல் அலகு, அதற்கேற்ற பிளக், இரண்டரை அங்குலத் திருகாணி. அலகின் நுனியிலிருந்து 65 மில்லிமீற்றரில் ஒரு துண்டு ரேப் சுற்றுங்கள், ரேப் சுவரைத் தொட்டதும் நிறுத்துங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். துளைக்குக் கீழே ஒரு பழைய கடித உறையை ஒட்டினால் தூள் அதற்குள் விழும், துடைக்கும் வேலை குறையும். துளைத்து முடிந்ததும் சைக்கிள் பம்பால் உள்ளே காற்றடித்துத் தூளை வெளியேற்றுங்கள். தூளோடு பிளக் வைத்தால் பிடி தளரும். ட்றில் பிடிக்கும் கையால் கண்ணைக் கசக்கக்கூடாது, நான் கசக்கினேன்.

பிளக்கை வைத்து, அதன் வாய் பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் போகும்வரை ஒரு ஆணித் தலையால் தட்டி உள்ளே தள்ளுங்கள். பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் இருக்கும், அது எதையும் தாங்காது. திருகாணியைக் கையால் இறுக்குங்கள். கடைசிச் சுற்றுகளில் இறுக்கம் கூடிக்கொண்டே வர வேண்டும். ஓரிடத்தில் திடீரென்று இலகுவானால் அது பிடிக்கவில்லை. கழற்றி, மேலே சொன்ன முளையைப் போடுங்கள். "பரவாயில்லை, மற்ற மூன்றும் பிடிக்கும்தானே" என்று விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன்.

மூன்று தாங்கியும் ஏறியதும் தட்டை வைத்துக் கீழிருந்து சிறு திருகாணியால் பிடியுங்கள். 18 மில்லிமீற்றர் பலகைக்குத் திருகாணி 15 மில்லிமீற்றருக்கு மேல் போனால் முனை மேலே எட்டிப் பார்க்கும். சுவருக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள நீக்கலைச் சிலிக்கோனால் அடைத்துவிடுங்கள், கரப்பானுக்கு அதுதான் வீடு.

சாமான் அடுக்க அவசரப்படாதீர்கள். தண்ணீர் நிரப்பிய கான்களையும் போத்தல்களையும் தட்டு முழுக்கப் பரவி வையுங்கள். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ, ஆகவே கணக்கு இலகு. முப்பது கிலோ ஏற்ற இருக்கிறீர்கள் என்றால் நாற்பத்தைந்து லீற்றர் வைத்து ஒரு இரவு விடுங்கள். காலையில் தாங்கியின் மேல்முனைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கடதாசியை நுழைத்துப் பாருங்கள். நேற்று நுழையாதது இன்று நுழைந்தால் திருகாணி இழுபடுகிறது. விழுந்தாலும் தண்ணீர்தான்.

பொந்துக்கல் சுவருக்குக் கால்

எங்கள் சின்னச் சுவர் பொந்துக்கல். அங்கே நாலாவது கீற்றை இரண்டாகப் பிளந்து ஐந்து அங்குல அகலத்தில் இரண்டு நிற்கும் சட்டமாக்கினேன். அவை சமையல் மேசையின் மேலே நேராக ஊன்றி நிற்கின்றன. மூன்றடித் தட்டுகள் இந்தச் சட்டங்களில் திருகிய தாங்கிகளில் உட்காருகின்றன. பாரம் முழுக்கச் சட்டத்தால் மேசைக்கு இறங்குகிறது. முன்னால் சாயாமல் பிடிக்க மட்டும் மேலே இரண்டு இடத்தில் லின்டலில் திருகினேன்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் நான் இதையே சொல்வேன். இரண்டு துளையோடு முடியும், போகும்போது அடைத்துவிட்டுப் போகலாம். வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடுகளின் சின்னக் குசினிகளுக்கும் இது பொருந்தும். கால் நிலத்தில் ஊன்றுவதானால் மரத்தை நேரே நிலத்தில் வைக்காதீர்கள். கீழே ஒரு ரைல் துண்டு வையுங்கள், கழுவும் தண்ணீருக்கு அது தடை. கழிவு ஒயில் பூசும் வழக்கம் வேலிக்குச் சரி, சாப்பாடு வைக்கும் இடத்துக்கு வேண்டாம். சர்க்கரை, பனங்கட்டி வைக்கும் இறாக்கையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிறுத்தினால் எறும்பு ஏறாது. அப்படி நிறுத்துவதென்றால் கால் இரும்பாக இருக்கட்டும், தண்ணீரையும் இரண்டு நாளுக்கு ஒருக்கால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் நுளம்பு பெருகும்.

காஸ் சிலிண்டர் நிற்கும் மூலையைப் பலகை அடித்து மூட ஆசை வரும். காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் நிலத்தோடு தேங்கும். அந்த மூலையைத் திறந்தே விடுங்கள்.

தட்டின் அடிப்பக்கத்தையும் வீணாக்காதீர்கள். வளைந்த கொளுவிகளை வரிசையாகத் திருகினால் கோப்பைகள் தொங்கும். சுளகுக்கும் அரிதட்டுக்கும் சுவரில் ஒரு ஆணி போதும், அவை தட்டில் ஏறினால் அரைத் தட்டைப் பிடித்துவிடும். அகப்பைகளுக்கு ஒரு கம்பியை இழுத்துக் கட்டினேன். பாரமான எண்ணெய்ப் போத்தல், பருப்புப் பேணி எல்லாம் கீழ்த் தட்டில், அதிலும் தாங்கிக்கு நேர் மேலே.

முதல் மாரி கடந்து தை பிறந்ததும் எல்லாத் திருகாணியையும் ஒருமுறை கையால் இறுக்கிப் பாருங்கள். மரம் ஈரத்தில் பருத்துப் பிறகு சுருங்கும்போது சில இடங்களில் கால் சுற்று தளர்ந்திருக்கும். நான் பொங்கலுக்குப் பானை இறக்க ஏணி போடும்போது அதையும் செய்துவிடுவேன். இரண்டாவது இறாக்கைக்கு இப்போது மூன்று மாரி. ஆனாலும் அம்மா மிளகாய்த்தூள் போத்தலை இன்னும் மேசையில்தான் வைத்திருக்கிறார்.